அன்னம் பிடிக்கும் நாள்

ஆணி சுவரில் ஏற மறுத்து மறுபடியும் வளைந்தது. அண்ணனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாக மருத்துவமனையிலிருந்து போன் வந்திருந்தது. நாற்காலிமேல் நின்றபடி தம்பி வேறு ஆணி கேட்டான். அவன் மனைவி படத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பரணிலிருந்து அப்போதுதான் இறக்கித் துடைத்தது.

அவர்கள் கல்யாணத்துக்கு அண்ணன் வரைந்து கொடுத்த படம். காலண்டரில் பார்த்தது: இங்கிலாந்தில் வருடத்துக்கொரு முறை ஆற்றில் அன்னங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, திரும்ப விடுகிற சடங்கு. சிவப்புச் சட்டையில் படகுக்காரர்கள், கரையில் கூட்டம். பஸ் ஓட்டிய நேரம் போக அண்ணன் வரைந்த ஒரே படம் அதுதான். அன்னங்கள் வாத்துகளைப் போலிருந்தன. முன்னால் நிற்கும் படகுக்காரனுக்கு ஒரு கையில் ஆறு விரல். ஆனாலும் தம்பி அதைப் பல வருடம் கூடத்தில் தொங்கவிட்டிருந்தான். அண்ணன் படுத்த படுக்கையாகி, வீட்டுக்கு வருவது நின்ற பிறகுதான், வெள்ளையடிக்கிற சாக்கில் பரணில் ஏற்றினான். அன்றிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் தம்பியை விட்டால் வேறு ஆளில்லை.

படத்தை நேராக்கி இறங்குவதற்குள் வண்டி வந்துவிட்டது. கட்டிலில் கிடத்தியதும் அண்ணன் தலையைத் திருப்பிச் சுவரையே வெகுநேரம் பார்த்தார். தம்பி அவர் காலடியில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"இதை இன்னுமாடா மாட்டி வச்சிருக்க?"

"நீ வரைஞ்சதாச்சே அண்ணே."

"வர்றப்பல்லாம் இதைப் பாக்க எனக்குக் கூச்சமா இருக்கும். நீ ஆசையா வச்சிருக்கியேன்னு பேசாம இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "முன்னாடி நிக்கிறவனுக்கு ஆறு விரல் போட்டுட்டேன். நீ கவனிச்சிருக்க மாட்ட."

"கவனிச்சேன்."

"எப்ப?"

"கல்யாணத்தன்னைக்கே."

அண்ணனின் வயிறு குலுங்கியது. இருமல் என்று நினைத்துத் தம்பியின் மனைவி தண்ணீரோடு ஓடிவந்தாள். சிரிப்புதான். தம்பிக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பரணைப் பற்றியும், வளைந்த ஆணிகளைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். அண்ணன் கண்ணில் நீர் வழிய, படத்தைக் கழற்றும்படி கையைக் காட்டினார்.

கழற்றிய பின் அயர்ந்து தூங்கினார். சாயங்காலம் மனைவி பால் கொண்டுவந்தபோது மூச்சில்லை. முகத்தில் வலியின் சுவடும் இல்லை.

சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தம்பி கட்டிலருகே உட்கார்ந்தான். எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஆறுதல் சொல்ல அவன் கையைப் பிடித்தவர், தம்பியின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டு, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.