மூவரின் மூச்சு

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் பனி பாலாய் இறங்கியிருந்தது. காரின் பின்சீட்டில் மனைவி மடியில் கைக்குழந்தை வீல் வீலென்று அழுதது. மூவரின் மூச்சில் முன்கண்ணாடி மங்கிப்போக, ஸ்டியரிங் முன்னிருந்த அவன் ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினான். நின்றிருந்த வண்டியின் உறுமல் சற்றே உயர்ந்தது.

"என்னங்க, ஏதாவது கோளாறா?"

"இல்லம்மா. கண்ணாடி ஈரத்தை இழுக்க ஏசியும் கூடவே ஓடுது. சுமை ஏறுதுல்ல, நின்னுடாம இருக்க இன்ஜின் தானா வேகத்தைக் கூட்டிக்குது."

அழுகை நின்றிருந்தது.

"அப்பனாட்டம் வண்டிச் சத்தத்துலதான் தூக்கம் வருது போல," என்றவள், தானும் கண்ணயர்ந்தாள்.

மெல்லக் கண்ணாடி தெளிந்து, மேகத்துக்குள் மிதப்பதுபோல் தெரு தெரிந்தது. அவனுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடி வழியே பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.