மூச்சு விட்ட பிறகு எடுத்த அளவு

வின்ஸ்டன் பைக்கில் ஏறுவதைப் பார்க்க வேண்டும். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, கையுறையில் விரல் விரலாகச் சரிசெய்து, பீளமேட்டிலிருந்து நேராக விண்வெளிக்குக் கிளம்புகிறவர் மாதிரி வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். பிறகு உழவர் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கி வருவார்.

வார நாட்களில் அவர் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் மேலாளர். இரண்டாம் சனிக்கிழமைகளில் 'கொங்கு ஹொரைசன் ரைடர்ஸ்' சங்கத்தின் ரோடு கேப்டன். அந்தச் சங்கத்தில் எல்லாருக்குமே ஏதாவது ஒரு பதவி உண்டு. வெறும் உறுப்பினர் ஒருவரைக் காட்டச் சொன்னால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ரோடு கேப்டனுக்கு ஒரே ஒரு குறை. மற்றவர்கள் மனைவியோடு வருவார்கள். வின்ஸ்டனின் பின்சீட்டில் பட்டை போட்டுக் கட்டிய பைதான் வரும். யாராவது கேட்டால், "சோலோ ரைடிங்தானுங்க நம்ம ஸ்டைல்" என்பார். டீக்கடை நிறுத்தத்தில் மற்ற ஜோடிகள் ஒரு பன்னைப் பிய்த்துப் பங்கு போடும்போது மட்டும் எழுந்து போய் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார்.

அவர் மனைவி கெசியா ஒரே ஒரு தடவை பின்னால் உட்கார்ந்தவள். கிணத்துக்கடவுக்குக் கிளம்பினார்கள். பைக்கின் முன்னால் காற்றைத் தடுக்க இருந்தது ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடி என்று பெயர்தான், பிளாஸ்டிக். கடையில் இருந்ததிலேயே பெரியது எதுவோ அதுவே தன் தகுதிக்குச் சரி என்று வின்ஸ்டன் மாட்டச் சொன்னது. காற்று அதன் விளிம்பில் முட்டி, அவர் தலைக்கு மேலே தாவி, நேராக கெசியாவின் முகத்தில் வந்து விழுந்தது. ஒத்தக்கால்மண்டபத்தில் அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஓயாம யாரோ கன்னத்துல அறையற மாதிரியே இருக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் பஸ்ஸுல ஊட்டுக்குப் போறேன்."

அதன் பிறகு அவள் ஏறவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் மாட்டேன் என்றுவிட்டால்?

கோபிசெட்டிபாளையம் பயணத்துக்குத் தேதி குறித்த அன்று, சங்கத் தலைவர் கிருபாசங்கரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். தலைவரின் பைக்கில் குட்டையான, கறுப்புச் சாயல் கொண்ட கண்ணாடி. ஜெர்மனியிலிருந்து வந்தது என்பதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

"கண்ணாடியக் குட்டை பண்ணுனா பின்னாடி காத்து அடங்குமுங்களா?"

"அடங்கும். ஆனா கையக் கிய்ய வெச்சுப்போடாதீங்க வின்ஸ்டன். இதெல்லாம் ஏரோடைனமிக்ஸ்" என்று டிஷ்யூ பேப்பரில் அம்புக்குறியாக வரைந்து தள்ளினார். படத்தில் காற்று மிக ஒழுக்கமாக நடந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் வின்ஸ்டன் அறிவித்தார்: "பைக் கண்ணாடிய நானே வெட்டப்போறேன்."

கெசியா தையல் மெஷினை நிறுத்தினாள். "எதுக்குங்க?"

உனக்காக என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்து வந்ததென்னவோ, "ஏரோடைனமிக்ஸ்."

அவள் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அளவு நான் எடுக்கறேன்."

கெசியாவும் லேசுப்பட்டவள் அல்ல. வீட்டு முன்னறையில் நடக்கும் தையல் கடைக்கு 'பொட்டிக்' என்று போர்டு வைத்திருக்கிறாள். ரவிக்கைக் கழுத்துக்கு மட்டும் தனி ஆல்பம், அதற்குத் தனிப் பெருமை. ஆனால் கத்தரி பிடித்தாளென்றால் அந்தப் பெருமைக்கெல்லாம் அவளுக்கு உரிமை உண்டு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

போர்ட்டிகோவில் பைக்கை நிறுத்தி, கண்ணாடியின் இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டினாள். வின்ஸ்டன் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தார். நெஞ்சு முன்னால் வந்தது. முதுகு குடியரசு தின அணிவகுப்புக்கு நிமிர்ந்தது.

"ம், குறிச்சுக்க" என்றார்.

கெசியா குறிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சாவகாசமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம சர்ச் சபைக் கமிட்டி எலக்‌ஷனுக்கு இந்தத் தடவையும் உங்கள நிக்கச் சொல்லலையாமா?"

வின்ஸ்டனிடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. தோள் இறங்கியது, முதுகு வளைந்தது, வயிறு டேங்கின் மேல் வந்து நிம்மதியாகப் படுத்தது. கெசியா சட்டென்று பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டாள். அவர் நினைத்ததற்கு நாலு விரல் கீழே.

"அதென்ன அவ்வளவு கீழ?"

"இதுதானுங்க நீங்க. ரவிக்கைக்கு அளவு குடுக்க வர்ற அம்மணிக அத்தன பேரும் வயித்த எக்கிக்குவாங்க. மருமக எப்படி இருக்கறான்னு ஒரு வார்த்தை கேப்பேன். மூச்சு வெளிய வந்துரும். அப்பத்தான் டேப்ப வெப்பேன். அப்படி எடுக்காட்டி, போட்ட அன்னிக்கே ஊக்குத் தெறிச்சுப் போகும்."

வின்ஸ்டனுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்தக் கோட்டோடு வெட்டிவிட்டால் அவர் கண் சாலையைத் தடையில்லாமல் பார்க்கும். இத்தனை நாளும் பிளாஸ்டிக் வழியாகத்தான் ஊர் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் பிரவுன் பேப்பரில் பாதிக் கண்ணாடிக்கு மட்டும் வடிவம் வெட்டி, இந்தப் பக்கம் வைத்து வரைந்து, புரட்டி அந்தப் பக்கம் வரைந்தாள். இடமும் வலமும் மயிரிழை பிசகவில்லை.

வெட்டுவது வின்ஸ்டனின் இலாகா. கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிய மின்ரம்பத்தை முழு வேகத்தில் விட்டார். பிளாஸ்டிக் சூட்டில் உருகி, ரம்பம் முன்னால் போகப் போகப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

"புண்ணு உடனுக்குடனே ஆறிருதுங்க" என்றாள் கெசியா.

அவர் மின்ரம்பத்தை வைத்துவிட்டு சாதா ஆக்ஸா பிளேடை எடுத்தார். அவள் இதைக் கேலி செய்யவில்லை, செய்ய மனம் வரவில்லை. எடுத்த காரியம் எதையும் பாதியில் போட்டுவிட்டு அதைப் பற்றி மீதி நேரம் பேசுகிற மனிதர், அன்று பேசவே இல்லை. மெதுவாக, பிளேடு சூடேறாமல் இழுத்து இழுத்து வெட்டினார். அரத்தால் ராவினார். எமரி பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தார். முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் கெசியா ஒரு ஷிஃபான் துப்பட்டாவை விளிம்பில் போட்டு இழுத்தாள். நூல் மாட்டினால் மறுபடி தேய்க்க வேண்டும். பொழுது சாயும்போது துப்பட்டா தண்ணீரில் வழுக்குவதுபோல் போனது.

"உங்களுக்கு என் கடையில ஃபினிஷிங் வேலை போட்டுத் தரலாமுங்க" என்றாள். அவர் வாங்கிய எந்தப் பதவியும் அவ்வளவு இனிக்கவில்லை.

மறுநாள் சாயம், தலைவரின் கண்ணாடியில் இருப்பது மாதிரி. துப்பட்டாவுக்குச் சாயம் போடும் அவளது அண்டா, திருப்பூரிலிருந்து வந்த, பாலியஸ்டர் துணிக்கான கறுப்புச் சாயம். முதலில் வெட்டி விழுந்த துண்டைப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததில் அது அப்பளமாகச் சுருண்டது. தீயைக் குறைத்து, தண்ணீர் அசையாமல் ஆவி மட்டும் பறக்கிற பக்குவத்தில் இன்னொரு துண்டு. நிமிர்ந்தே நின்று நிறம் குடித்தது. அதன் பிறகுதான் கண்ணாடி. திருகாணித் துளைகளில் கம்பி ஹேங்கரை மாட்டி, தலைகீழாக இறக்கி, குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்குகிற நிதானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். மேல் விளிம்பில் மழை மேகம், கீழே வரவரத் தெளிவு, வெயில் பட்டால் ஓரத்தில் துளி கத்தரிப்பூ. வின்ஸ்டன் அதைச் சுற்றி வந்து சுற்றி வந்து பார்த்தார். ஏரோடைனமிக்ஸ் என்ற சொல் அன்று வீட்டில் கேட்கவில்லை.

"சனிக்கிழமை கோபிக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"வர்றியா கெசியா? உனக்காகத்தான் வெட்டுனேன்."

"மொதல்லயே சொல்லியிருந்தா துப்பட்டா டெஸ்ட்டுல ரெண்டு தடவை விட்டுக் கொடுத்திருப்பேனில்ல? வாரேன். ஆனா அறை விழுந்தா அன்னூர்லயே இறங்கிருவேன்."

சனிக்கிழமை காலை கிருபாசங்கர் குனிந்து பார்த்தார். "எந்த நாட்டுதுங்க இது?"

ஒரு நாடு வின்ஸ்டனின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார். "எங்க ஊட்டுதுங்க. அளவும் சாயமும் கெசியா. அரம் மட்டும் நான்."

"அளவு இவ்வளவு கச்சிதமாங்களா!"

"உங்களுக்கும் எடுத்துத் தரட்டுங்களா?" என்று கெசியா டேப்பைத் தொடுவதுபோல் கழுத்தில் கை வைத்தாள். தலைவரின் வயிறு தானாக உள்ளே போனது.

அன்னூர் வந்தது, போனது. தோளில் தட்டு விழவில்லை. புளியம்பட்டி தாண்டி நம்பியூர் பக்கம் திரும்பும் வரை பின்னால் சத்தமே இல்லை. கோபி வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாகத் திறந்தபோது வரப்பில் நின்றவர்கள் கை காட்டினார்கள். வின்ஸ்டனுக்கு நெஞ்சு தானாகப் பொங்கியது. முதுகு நிமிர்ந்தது.

தோளில் ஒரு தட்டு.

போச்சு என்று வேகத்தைக் குறைத்தார். "இறங்கறியா?"

"எதுக்கு இறங்கறது? நீங்க நிமிந்தா எனக்குக் காத்து அடிக்குதுங்க. மூச்ச விடுங்க."

விட்டார். தோள் இறங்கியது, வயிறு டேங்கில் படுத்தது, காற்று அடங்கியது. தட்டிய கையை அவள் எடுக்கவில்லை. கோபி வரைக்கும் ரோடு கேப்டன் நிமிரவும் இல்லை.