நாலுக்கு நாலு திருகிய தெரு

1984 சித்திரையில் ராஜபாளையத்தில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் இடம் மாறிக்கொண்டன. அந்த வாரம் கத்தரிக்காயும் விலை ஏறியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. வீடுகள் மாறியதற்குக் காரணம், பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை பார்த்த காசிராஜன். முன்பு அவர் மூணுக்கு மூணு கட்டம் உள்ள, திருகித் திருகி நிறம் சேர்க்கும் கியூபைத் திருகியபோது அவர் வீட்டு அறைகள் மட்டும்தான் சுற்றின. மனைவி வெள்ளைத்தாய் அடுப்படியைத் தேடிப் பிடித்துச் சமைத்துக்கொண்டாள். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து நாலுக்கு நாலு கொண்டுவந்தான். கை சும்மா இருக்குமா? முதல் திருகிலேயே தெரு கலைந்தது.

சின்ன கியூபில் நடுக்கட்டம் நகராது, அதைப் பார்த்து மற்ற நிறங்களைச் சேர்க்கலாம். பெரியதில் நடுவே நாலு கட்டம், நாலும் ஊர்சுற்றும். எங்கள் தெருக் குழாயும் அப்படித்தான் அலைந்தது. பெண்கள் குடத்தோடு பின்னாலேயே போனார்கள். முதலில் நடுக்கட்டங்களைக் கூட்டி, ஓரங்களை ஜோடி சேர்த்து, பிறகு சின்னதைப் போல முடிக்க வேண்டும் என்று காசிராஜன் கற்றுக்கொள்வதற்குள் ஆடி வந்துவிட்டது. எல்லா வீடும் சரியானது, அவர் தங்கை சண்முகத்தாயின் வீட்டைத் தவிர. அது தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. நாலுக்கு நாலில் கடைசியாக ஓர் ஓரம் மட்டும் இப்படித் திரும்பிக்கொள்ளுமாம். அதைத் திருப்ப, சேர்த்ததையெல்லாம் மறுபடி கலைக்க வேண்டுமாம்.

"ஏலே, எங்க வீடு இப்பத்தான் நிலைச்சிருக்கு. இனி திருகுனே, கையை ஒடிச்சிருவேன்" என்றார் எதிர்வீட்டுச் சீனிச்சாமி. தெருவே தலையாட்டியது.

ஆவணியில் சண்முகத்தாயின் மகள் செல்லத்தாயைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பரிபூரணம் பால்கோவாப் பொட்டலத்தோடு தெருவிலேயே நின்றுவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தவியளப் பொறவாசல் வழியாவா கூப்பிடுவீக? தலைவாசல் வழி இல்லேன்னா அடுத்த பஸ்ஸுக்குப் போறோம்." துவைகல் பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்ற செல்லத்தாய் மூக்கைச் சிந்தினாள். சீனிச்சாமி அதைப் பார்த்தார். "என்னலே முழிச்சிக்கிட்டு நிக்க? திருகுலே!" என்று காசிராஜனிடம் கத்திவிட்டு, தன் வீட்டு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வீடுகள் ஏறின, இறங்கின. சீனிச்சாமியின் ஆடு யார் வீட்டு மொட்டைமாடியிலோ வற்றலைத் தின்றது. "எங்க ஊர்த் தேர் இதவிட ஆடும்" என்றாள் பரிபூரணம், அசையாமல். மற்ற வீடுகள் தத்தம் இடத்துக்குத் திரும்பி, கோலம் போட்ட தலைவாசலும் சுற்றிவந்து முன்னால் நின்றதும் வலது காலை எடுத்து வைத்தாள்.

காபி குடித்து, நாள் குறித்த பிறகுதான் காசிராஜனைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, எங்க அடுப்படி அக்கினி மூலைய விட்டுச் செத்தத் தள்ளி இருக்கு. கல்யாணத்துக்கு முன்ன வந்து ஒரு திருகு திருகிட்டுப் போங்க."

அவர்கள் தெரு பெரிது, ஐந்துக்கு ஐந்து வேண்டும் என்றார் காசிராஜன். மச்சினனுக்குச் சொல்லியனுப்பி அதை வரவழைத்து, மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் நடுவே சீர்த்தட்டிலேயே வைத்துக் கொண்டுபோனார்கள். பரிபூரணத்தின் அடுப்படி இப்போது சரியாக இருக்கிறது. அவள் எதிர்வீட்டுக்காரர்கள் எங்கே சமைக்கிறார்கள் என்றுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.