அச்சுவேலிக் கோவையில் இல்லாத முகம்

அச்சுவேலிக் கோவையிலும் அம்மா இல்லை.

அந்தக் கோப்பின் கடைசி ஓவியத் தாளையும் மெல்லப் புரட்டிவிட்டுத் தயாளினி அப்பாவைப் பார்த்தாள். சிவசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி உதட்டைப் பிதுக்கினார்.

"இதிலை ஒண்டும் அவளில்லை."

தயாளினிக்கு அம்மாவின் முகம் தெரியாது. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஓடிய தொண்ணூற்றைந்து இடப்பெயர்வின்போது அவள் கைக்குழந்தை. கலியாண அல்பம் வீட்டோடு எரிந்தது. அடையாள அட்டைப் படம் மழையில் கரைந்தது. அடுத்த வருசமே அம்மா குணலட்சுமியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது ஒரே நம்பிக்கை. சாவகச்சேரியில் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கொலின்ஸ் மாஸ்டர் என்ற ஓவியர் அம்மாவைப் படமாகக் கீறினாராம். தண்ணீர் வரிசையில் நின்று திரும்பிய அப்பா கண்டது, மாஸ்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு போவதைத்தான்.

மாஸ்டர் இன்று இல்லை. அவர் படங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில், பெட்டி பெட்டியாக. எந்தப் பெட்டியில் என்ன என்று சொல்லும் கையேட்டில் காலையில் 'சாவகச்சேரி' என்று தேடியவளுக்குச் அந்த ஊர்ச் சந்தைக்காரரின் படங்கள்தான் கிடைத்தன.

காப்பகத்துப் பொறுப்பாளர் றொசாந்திதான் அப்போது விளக்கினாள். "மாஸ்டர் கீறின இடத்தைப் பாத்து அடுக்கேல்லை அக்கா. முன்னாலை இருக்கிற ஆளிட்டை 'எந்த ஊர்?' எண்டு கேட்டு, அந்த ஊர்க் கோவையிலை போட்டவர். பேர் எழுதேல்லை. மாஸ்டர் அடுக்கின முறையை நாங்களும் கலைக்கேல்லை."

அப்படித்தான் சொந்த ஊரான அச்சுவேலியின் கோவைக்கு வந்தார்கள். அங்கேயும் இல்லை.

தயாளினி சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா, எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டா அம்மா என்ன சொல்லுவா?"

சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார்.

"என்னைக் கட்டினாப்பிறகு அவளுக்கு அச்சுவேலிதானே ஊர்."

"நீங்கள் சொல்லுறதைக் கேக்கேல்லை. அம்மா என்ன சொல்லுவா?"

"பருத்தித்துறை எண்டுவாள்! ஆறு வருசம் எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிச்சவள். கோயிலிலை, சந்தையிலை, ஆர் கேட்டாலும் பிறந்த ஊர்தான். நான் பக்கத்திலை நிக்கேக்கையே!"

"இதைக் காலமையே சொல்லுறதுக்கென்ன?"

"என்ரை மானம் போயிடாதோ, பிள்ளை?"

றொசாந்தி சிரிப்பை விழுங்கிக்கொண்டு பெட்டி எடுக்க ஓடினாள்.

பருத்தித்துறைக் கோவை. வலைக்காரர் ஒருவர். கைத்தடியோடு ஒரு கிழவர். இரட்டைப் பின்னல் சிறுமி. அடுத்த தாளில் மடியில் குழந்தையோடு ஒரு பெண். மற்றக் கோடுகளெல்லாம் ஒரே ஓட்டம். வாய் மட்டும் அழித்து அழித்துக் கீறியிருந்தது.

"வாயிலை மட்டும் ஏன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்?" என்றாள் றொசாந்தி.

அப்பாவின் விரல் தாளைத் தொடப்போய்க் காற்றிலேயே நின்றது.

"கீறேக்கையும் இவள் வாய் ஓயாமல் கதைச்சிருப்பாள்," என்றார். "இவள்தான் பிள்ளை. இவள்தான்."

தயாளினி குனிந்தாள். அகன்ற நெற்றி. ஒரு புருவம் மட்டும் சற்றே மேலே. எவ்வளவு சின்னப் பெட்டை! தன்னைவிட இளையவளாக ஓர் அம்மாவை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கண்ணீர் தாளில் விழுந்துவிடாமல் அவசரமாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்ன கதைச்சிருப்பா, அப்பா?"

"வேறை என்ன? என்னைப் பற்றித்தான். அதுக்கு முதல்நாள் கஞ்சிக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டிட்டன். அதை அந்த மனுசனிட்டைச் சொல்லாமல் விட்டிருப்பாளோ?"

முப்பது வருடமாக, அம்மா பேச்சை எடுத்தாலே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிற மனிதர். இப்போது கதிரையை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உப்பு மட்டுமில்லை, கேள்," என்றார்.