அலமாரிக்குள் போன அம்மா

இனி வருவதில் ஓர் எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை, சத்தியம். குறைத்துச் சொன்ன இடங்கள் சில உண்டு. முழுவதையும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அப்படிச் செய்ய வேண்டியதாயிற்று. மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடியே.

மேஜிக் மாமா கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் பாதி அவர் முகம், மீதி வாசற்படி. வாசற்படியில் அவர் மனைவி மகளுக்குச் சாப்பாட்டு டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றாள். மகள் வாங்கவில்லை. முதுகில் புத்தகப் பை, காலில் ஷூ, முகத்தில் விசாரணை அதிகாரியின் களை.

"சின்னதுல நான் மூக்குல பட்டாணி போட்டுக்கிட்டேனே, எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். வேன் வந்துரும், பிடி."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அதை நீ அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கலாம். இல்ல, அவங்க உன்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேஜிக் மாமாவுக்குத் தாடையில் கத்தி பட்டு ரத்தம் வந்தது. 'அவங்க' யாரென்று அவருக்குத் தெரியும். அப்படி ஒருத்தி கிடையாது என்பதும் தெரியும். இருந்தும் அவளைப் பெற்றெடுத்ததே அவர்தான்.

மேஜிக் மாமா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நாளடைவில் பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பிறந்தநாள் விழா, கடைத் திறப்பு, பள்ளி ஆண்டுவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். காதிலிருந்து நாணயம் எடுப்பது, தொப்பியிலிருந்து புறா எடுப்பது இதெல்லாம் சில்லறை வேலை. அந்தப் புறாவுக்கு வயதாகிவிட்டது. தொப்பிக்குள் தூங்கிப்போய்விடும், தூக்கி எடுத்தால் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வரும். அவருடைய பிழைப்பெல்லாம் நின்றது அலமாரியில். ஆள் உயர மர அலமாரி, அடியில் சக்கரம் வைத்தது. நிகழ்ச்சி இல்லாத நாட்களில் வீட்டு முன்னறையில் போர்வைகளையும் ஓர் உடைந்த குடையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு சாதுவாக நிற்கும். நிகழ்ச்சியில் அதற்குள் மனைவி போவாள். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள் அவள். விடுமுறை நாட்களில் மாயமாவது உபதொழில். அவர் கதவைச் சாத்தி, அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறப்பார். உள்ளே ஆள் இருக்கமாட்டாள். கூட்டம் பிளந்த வாயை மூடுவதற்குள் அரங்கத்தின் கடைசி வாசலில் நின்று, "என்னையா தேடுறீங்க?" என்பாள்.

விஷயம் இவ்வளவுதான்: அலமாரியின் பின்பலகை ஒரு கதவு. அமுக்கினால் திறக்கும். திறந்தால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் ஓட்டம். இதை மகளிடம்கூட அவர் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் தொழில் தர்மம் என்பார். உண்மையில், ஒவ்வொரு முறை வெற்று அலமாரியைத் திறந்து காட்டும்போதும் கூட்டத்தில் மகளின் கண் தேங்காய் மூடி அளவுக்கு விரிவதைப் பார்க்காவிட்டால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் மகள் படித்த ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். ஒல்லியான உடம்பு, அந்த உடம்பையே மடித்து வைக்கலாம் போல ஒரு கைப்பை. வாரம் ஒரு பாடவேளையை 'ஏன் வகுப்பு' என்று ஆக்கினார். யார் எதைச் சொன்னாலும் உடனே தலையாட்டக் கூடாது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேட்க வேண்டும், வேறு விதமாகவும் இருக்கலாமா என்று யோசிக்க வேண்டும். சொல்வது டீச்சராகவே இருந்தாலும் சரி, பெற்றவர்களாகவே இருந்தாலும் சரி. டீச்சர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் ஊர் ஒரு வழியாகிவிட்டது. ஐஸ்கிரீம் தின்றால் சளி பிடிக்கும் என்று சொன்ன ஒரு தாயின் பேச்சைச் சோதித்துப் பார்க்க, அண்ணன் தின்பது, தம்பி சும்மா பார்ப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். சளி தம்பிக்குப் பிடித்தது. முடிவெட்டுகிறவர் வழக்கம்போல, ஆடினால் காது போய்விடும் என்று மிரட்ட, இதுவரை எத்தனை காது போயிருக்கிறது, அவற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. அவர் அன்றைக்கு வெள்ளனவே கடையைச் சாத்திவிட்டார். பல் டாக்டர் 'வலிக்காது' என்ற சொல்லையே கைவிட்டு, 'பார்க்கலாம்' என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

அப்புறம் டீச்சர் மேஜிக் மாமாவை வகுப்புக்கே அழைத்தார். அவர் அலமாரி வித்தையைச் செய்து காட்ட வேண்டும், பிள்ளைகள் பார்த்து, யோசித்து, எப்படி என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேரை ஏய்த்தவர், ஐந்தாம் வகுப்பு எம்மாத்திரம் என்று ஒத்துக்கொண்டார். பள்ளி அரங்கத்தில் மனைவி உள்ளே போனாள், காணாமல் போனாள், கடைசி வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் கைதட்டவில்லை. கூடிப் பேசினார்கள். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிற பெண்ணை மேடையின் பின்பக்கத்திலிருந்து கட்டடத்தைச் சுற்றிக் கடைசி வாசலுக்கு ஓடச் சொன்னார்கள். அவள் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் ஒரு முழுப் பாட்டைப் பாடி முடித்துவிட்டார்கள். வந்தவளால் வெகுநேரம் பேச முடியவில்லை. ஆன்ட்டிக்கோ மூச்சுக்கூட வாங்கவில்லை. தவிர, உள்ளே போன ஆன்ட்டிக்குக் கைக்கடிகாரம் இடது கையில், வந்த ஆன்ட்டிக்கு வலது கையில். ஆகவே போனவர் வேறு, வந்தவர் வேறு, இரட்டைப் பிறவிகள். அரங்கம் அதிர்ந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேஜிக் மாமா சறுக்கியது இங்கேதான். தப்பான விடையை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கூட்டத்தைவிடப் பத்திரமான பூட்டு ஒரு மேஜிக்காரருக்கு வாய்க்காது. உள்ளே குளிர்ந்துபோயிருந்தார். வெளியே, தோற்றுப்போனவர் மாதிரி தோளைத் தொங்கப்போட்டு, "பிடிச்சிட்டீங்களேப்பா" என்றார்.

மூன்றாவது வரிசையில் மகளின் கண் விரிந்தது. ஆனால் அது வழக்கமாக விரிகிற விதமாக இல்லை.

அன்றிலிருந்து மகள் வீட்டை ஆராய ஆரம்பித்தாள். ஆதாரங்களுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் இருக்கிற அம்மாவும் மாலையில் இருக்கிற அம்மாவும் ஒருவரே என்று புத்தியுள்ள யாரும் சொல்ல முடியாது. காலை அம்மா பேசுவதெல்லாம் ஒற்றைச் சொல்: எழுந்திரு, குளி, குடி, ஓடு. மாலை அம்மா துணி மடிக்கும்போது பாடுகிறாள். ஒரு அம்மாவுக்கு டிவி சத்தம் ஆகாது. இன்னொரு அம்மா, நாடகம் ஓடும்போது அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி வைக்கிறாள். திங்கட்கிழமை கூடவே கூடாது என்ற பூனைக்குட்டியை வியாழக்கிழமை பார்க்கலாம் என்றது யார்? ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் மூன்றாவதாக ஒரு குரல் வருகிறது. அதை மகள் இப்போதைக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். குளியலறையில் ஒரு பல்துலக்கும் பிரஷ் அதிகமாக இருந்தது. அது சீப்பைச் சுத்தம் செய்ய வைத்தது என்று மேஜிக் மாமா சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டது. அம்மா சொன்னாள் என்றார். எந்த அம்மா என்று கேட்கப்பட்டது.

முதலில் மனைவிக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் கவனித்தாள். பள்ளிவிட்டு வந்ததும் அவள் பின்னாலேயே நடந்து, அடுப்படி, குழாயடி, மாடிப்படி என்று விடாமல் ஒப்பிக்கிற அன்றன்றைய சமாச்சாரம் நின்றுபோயிருந்தது. யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய பென்சில் டப்பாவில் பல்லி இருந்தது, ஒன்றும் வருவதில்லை. கேட்டதற்கு, தெரியாதவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருப்பதாக மகள் பணிவாகத் தெரிவித்தாள். அன்று மாலை துணி மடிக்கும்போது பாட்டு வரவில்லை.

"நீங்க சொன்ன பொய், நீங்களே சரிபண்ணுங்க" என்றாள் மனைவி. "அலமாரியைத் திறந்து காட்டுங்க."

தொழில் ரகசியம், அதைப் போய்ப் பெற்ற பெண்ணிடமே எப்படி உடைப்பது, அப்புறம் அவள் என்றைக்காவது அந்த மாதிரி கண்ணை விரிப்பாளா என்றெல்லாம் அவர் இழுத்தார். அவள் பாயை விரித்தாள். கடைசியில், "அப்ப நான் இந்த வீட்ல சித்தியாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அவர் டீச்சரைப் போய்ப் பார்த்தார். எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான், அதை நீங்களே வகுப்பில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எப்படித் தெரியும் என்றார் டீச்சர். கட்டிக்கொண்டவன் நான் என்றார் இவர். அது ஒருவரைக் கட்டிக்கொண்டதற்குத்தானே சாட்சி என்று டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள், பழக்கமாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். பிறகு, விடையை நான் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்ல வேண்டாம், ஆதாரத்தை அவள் கண்முன்னால் வையுங்கள், அவளே வந்து சேர்வாள் என்று வழியனுப்பினார். வீட்டுக்கு நடந்து வரும்போது மேஜிக் மாமா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விரிகிற கண் போனால் போகட்டும். அம்மா இருக்கட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் முன்னறையில் போர்வைகளையும் குடையையும் வெளியே எடுத்து வைத்தார். மகளை முன்னால் நிறுத்தினார். மனைவி ஒரு போர்வையை மடியில் போட்டு மடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போது காட்டப்போவதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்றார். உண்மையாக இருந்தால் சொல்லமாட்டேன் என்றாள் மகள். அவர் அலமாரியைத் திருப்பினார். பின்பலகையைக் காட்டினார்.

"இது பலகை இல்ல பாப்பா, கதவு. அமுக்கினா திறக்கும். அம்மா இது வழியாத்தான் ஓடுவாங்க. ஒரே அம்மா."

அமுக்கினார். திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே தோளால் தள்ளினார். அலமாரி சக்கரத்தில் உருண்டு சுவரில் போய் முட்டி நின்றதே தவிர, பலகை அசையவில்லை. உள்ளே புகுந்து முதுகால் முட்டினார், காலால் உதைத்தார். வெளியே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், சல்லிசாகக் கிடைத்தது என்று படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட்டை வாங்கி அவரே மூன்று கை பூசியிருந்தார். பலகையின் இடுக்கு முழுக்க அந்தப் பச்சை, ஆறின பாலில் ஏடு மாதிரி, ஓர் இடத்தில்கூட விரிசல் இல்லாமல் மூடியிருந்தது. திருப்புளியால் கீலைச் சுரண்டினார். துரு உதிர்ந்தது. ஒரு சிலந்தி பல தலைமுறையாக அங்கே குடித்தனம் செய்ததற்கான அடையாளம் இருந்தது.

மகள் பக்கத்தில் வந்து குனிந்து, விரலால் இடுக்கைத் தடவிப் பார்த்தாள். "நீங்க கடைசியா எப்பப்பா இதைத் திறந்து பாத்தீங்க?"

"நான் எதுக்குத் திறக்கணும்? நான் முன்பக்கம் நிக்கிற ஆளு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் அவருக்கே கேட்டது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை ஊர், எத்தனை மேடை. கதவைச் சாத்தியிருக்கிறார், சுற்றியிருக்கிறார், திறந்திருக்கிறார். ஓடி வந்தும் மூச்சு வாங்காத மனைவி என்று நண்பர்களிடம் பெருமை அடித்திருக்கிறார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மனைவி போர்வையின் நான்கு முனையையும் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றார், "நீ எப்படி வெளிய வர்ற?"

"உள்ள அனுப்புறது உங்க வேலை. வெளிய வர்றது என் வேலை." அவள் போர்வையைத் தட்டிச் சமப்படுத்தினாள். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்குறீங்க."

மேஜிக் மாமா மகளைப் பார்த்தார். அவள் கண் விரிந்திருந்தது. பழைய மாதிரியே, தேங்காய் மூடி அளவுக்கு. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, அலமாரியையும் அல்ல. போய் அம்மாவின் மடியில், மடித்த போர்வையின் மேலேயே உட்கார்ந்தாள். மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்: பென்சில் டப்பாப் பல்லியைப் பற்றி, அது தப்பித்துப்போய் டீச்சரின் கைப்பைக்குள் இருந்த நாட்களைப் பற்றி, ஓட்டக்காரப் பெண் இப்போதெல்லாம் யாரிடமும் பேசாததைப் பற்றி. பாக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. நடுவில் மனைவி, எந்த அம்மா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டாள்.

"கண்டுபிடிச்சிருவேன். அவசரமில்ல" என்றாள் மகள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மேஜிக் மாமா ஒரு கையைப் பலகையின் மேல் வைத்தபடி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு தரையிலேயே இருந்தார். அடுப்படியில் வைத்த பால் பொங்கி வழிந்து 'சுர்' என்ற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உள்ளே யாரோ அடுப்பை அணைத்தார்கள்.