நான்கு போல்ட்

ஸ்பேனர் அண்ணனின் கறார் அலுவலகத்துக்கே தெரியும். மாதாமாதம் எல்லா நாற்காலிக்கும் போல்ட்டை முடுக்கி, சக்கரத்தில் சுற்றிய முடியை எடுத்து, பன்னிரண்டு வருடமாக ஒன்றைக்கூடக் குப்பைக்கு அனுப்பாதவர். வேலை முடியாத நாற்காலியைக் கவிழ்த்து வைப்பது அவர் வழக்கம். இன்று ஒன்றின் நான்கு முதுகுப் போல்ட்டையும் கழற்றி, முதுகைச் சும்மா செருகிக் கவிழ்த்துவிட்டு எண்ணெய் எடுக்கப் போனார். திரும்பினால் நாற்காலியைக் காணோம்.

"ஏம்மா, இங்க கவிழ்ந்திருந்தது எங்க?"

"மீட்டிங்குக்கு ஆள் வந்திருக்காங்கண்ணே. நிமிர்த்தி உள்ள போட்டுட்டேன்," என்றாள் பெருக்குகிற பெண்.

அவர் போல்ட்டுகளைக் கைக்குள் இறுக்கியபடி மீட்டிங் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே பத்துப் பேர். பத்துப் பேரும் சொகுசாகச் சாய்ந்திருந்தார்கள். ஒருவரும் விழவில்லை.

"வாங்க, உங்களப் பத்திதான் சொல்லிட்டிருந்தேன்," என்றார் முதலாளி. "நம்ம நாற்காலி எல்லாம் இத்தனை வருஷம் உழைக்குதுன்னா இவர்தான் காரணம்."

எல்லோரும் கைதட்டினார்கள். காலியாக இருந்த ஒரே நாற்காலியை முதலாளி அவர் பக்கம் தள்ளினார். அது எது என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன கூச்சம்? நல்லா சாஞ்சு உக்காருங்க," என்றார் முதலாளி.