கண் உருளும் சத்தம்

தையல்காரருக்குத் தன் கண் உருளும் சத்தம் கேட்டது. ஊசி போகிற பக்கம் பார்வை போனால் இடது காதுக்குள் 'சரக்'. திரும்பி வந்தால் இன்னொரு 'சரக்'.

முதலில் சிரித்த மனைவி, பிறகு அழ ஆரம்பித்தாள். அவளுடைய அண்ணன் மனநல டாக்டரிடம் நேரமே வாங்கிவிட்டார். "கண்ணு சத்தம் போடுதா? ஏன் மாப்ளே, நாளைக்கு மூக்கு கச்சேரி பண்ணுமா?"

காது டாக்டர் சீட்டு எழுதி அனுப்பிய ஸ்கேன் தன்னைக் காப்பாற்றும் என்று தையல்காரர் மலைபோல் நம்பியிருந்தார். 'குறை ஏதும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. நிஜமாகவே புத்தி பிசகிவிட்டதோ?

மனைவியை இழுத்துக்கொண்டு ஸ்கேன் நிலையத்துக்கே போய், படம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் முறையிட்டார்.

"பலமா சத்தம் கேட்டா தலை சுத்துதா?"

"அலமாரிக் கதவைச் சாத்தினாலே சுத்துதும்மா!"

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை யாருமே சீட்டுல எழுதலையே!"

திரையில் படத்தைத் திறந்தார். நத்தை ஓடு போலச் சுருண்டிருந்த பகுதி கேட்பதற்கு என்று காட்டினார். பக்கத்தில் உள்ள மூன்று வளையங்கள், தள்ளாடாமல் நிற்பதற்கு.

"வளையம்னு சொல்றீங்க, எனக்கு ரெண்டு புள்ளிதான் தெரியுது" என்றாள் மனைவி.

"வளையலைக் குறுக்கே வெட்டினா ரெண்டு புள்ளிதாம்மா. மேல் வளையத்தை முழுசாப் பாக்கணும்னா சாய்ச்சு வெட்டணும்."

"கிராஸ் கட்டிங்!" என்றார் தையல்காரர், தன்னை மறந்து.

டாக்டரம்மா படத்தைச் சாய்த்துக்கொண்டே போனார். புள்ளிகள் நீண்டு, வளைந்து, ஒரு வளையமாகக் கூடின. சுற்றிலும் எலும்பு வெள்ளைக் கரை கட்டியிருந்தது. உச்சியில் மட்டும் கரையைக் காணோம்.

"பாத்தீங்களா, கூரையே இல்ல! உடம்புக்குள்ள எழுற சத்தமெல்லாம் இதனால காதுக்குப் பெருசாக் கேக்குது. கண்ணு உருள்றதும் சேத்துத்தான். நான்தான் நேர்வெட்டை மட்டும் பாத்து ஏமாந்துட்டேன். ரிப்போர்ட்டை மாத்திடறேன். மேற்கொண்டு என்ன செய்யணும்னு காது டாக்டர் சொல்வார்."

"ஓட்டை இருக்குடி! நிஜமா இருக்கு!" தையல்காரர் லாட்டரி விழுந்தவர் மாதிரி துள்ளினார், துள்ளியதில் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "அண்ணா, அந்த டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்லிடு. இவருக்கு எலும்புலதான் ஓட்டை, புத்தி முழுசா இருக்கு!"

போனை வைத்தவள் சட்டென்று கணவரை முறைத்தாள்.

"அப்போ, நான் பேசறப்போ கண்ணை உருட்டுவீங்களே, அதுவும் கேட்டுச்சா?"

"அந்தச் சத்தத்துல நீ பேசினது பாதி கேக்கலைம்மா" என்றார் அவர்.